துளையைக் கண்டால்

இரவு இரண்டு நாற்பதுக்கு
மூன்றாவது வரிசையின் அழுத்தமானியில்
முள் ஏறத் தொடங்கியது.

வெளியே மைனஸ் இருபத்தாறு.
ஆலைக்குப் பின்னால் ஏரி
முழங்கை ஆழத்துக்கு உறைந்து கிடந்தது.
உள்ளே, மரக்கூழ் பிழிந்த தண்ணீர்
அறுபது டிகிரிச் சூட்டில்,
பால் விட்டுக் கெட்டுப்போன காப்பி நிறத்தில்
சவ்வை முட்டிக்கொண்டு நின்றது.

போக மாட்டேன் என்று நின்றது.
இல்லை, தண்ணீர் போகத்தான் பார்த்தது.
கூட வந்தவர்கள்தான் விடவில்லை.

கூட வந்தவர்கள் யார் யார் என்று
ஆய்வகத்துத் தெர்ஹி தாளில் எழுதி
சுவரில் ஒட்டியிருக்கிறாள்:
பிசின் அமிலம், கொழுப்பு, லிக்னின் துணுக்கு,
வாயில் நுழையாத பெயர்களில் சர்க்கரைச் சங்கிலிகள்.
அடியில் யாரோ பேனாவால்:
மேலாளர் இல்போவின் மாமியார்.

பம்பை நிறுத்திக் காரம் விட்டேன்.
பிறகு வெந்நீர். பிறகு வெறும் நீர்.
பிறகு காத்திருப்பு,
பின்லாந்தில் நாங்கள் நன்றாகச் செய்கிற வேலை.
செப்டம்பரில் கழுவியபோது ஓட்டம் நூறுக்குத் திரும்பியது.
நவம்பரில் தொண்ணூறு.
இன்றைக்கு எழுபத்தொன்று.
மீளாப் படிவு என்கிறது கையேடு.
அதை எழுதியவர் அந்தச் சொல்லோடு
எழுந்து போய்விட்டார் போலிருக்கிறது,
அடுத்த பக்கம் வால்வுகளைப் பற்றி.

உருண்டு புரண்டாலும் ஒட்டுவதுதான் ஒட்டும்.
சம்பளத்துக்குச் சரி அந்தக் கணக்கு.
இங்கே எல்லாமே ஒட்டுகிறது.

விடிந்ததும் ஒரு தகட்டைக் கழற்றி அறுத்தோம்.
பிரேதப் பரிசோதனை என்றுதான்
இந்தத் தொழிலில் அதற்குப் பெயர்.
கத்தி வழுக்கி என் கட்டைவிரலையும் கொஞ்சம் கீறியது.
சவ்வின் மேல் பழுப்பாக ஒரு மெழுகு.
தெர்ஹி அதை நுண்ணோக்கிக்குக் கொண்டுபோனாள்.
நான் முகர்ந்து பார்த்தேன்.
ஸ்புரூஸ்.
ரம்பம் நின்று அரை மணி நேரமே ஆன
காட்டின் வாசனை.

கட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.
யால்மரி லாரிச் சீட்டுகளைப் புரட்டினான்.
ஆகஸ்டிலிருந்து எல்லாம் எல்லைப்புறக் காடுகள்,
பட்டைவண்டு இறங்கியவை.
விலை குறைவு.

வண்டு துளைத்தால் மரம் எங்கே ஓடும்?
பிசினைக் கசியவிட்டுத் துளையை அடைக்கும்,
சில நேரம் வண்டையும் சேர்த்து.
அடைக்க அடைக்க வண்டு,
வர வரப் பிசின்,
கடைசியில் தோற்கும்.
அப்படித் தோற்றதைத்தான் நாங்கள் வாங்கி
பட்டை உரித்து, நறுக்கி, அரைத்து
நார் வேறு நீர் வேறாகப் பிரித்தோம்.
மரம் என்று காட்ட ஒன்றும் மிச்சமில்லை.
பிசினுக்கு மட்டும் வேலை மறக்கவில்லை.

சவ்வில் ஒரு நகத்தளவு இடத்தில்
கோடிக்கணக்கான துளைகள்.
ஐயோ இத்தனை வண்டா என்று
பதறி அடைத்திருக்கிறது.

ஒன்பது மணிக் கூட்டத்தில் இல்போ சொன்னார்,
"இரவுப் பணியில் சரியாகக் கழுவவில்லை, சைமி."
வடிகட்டின பொய்.
அதை வடிகட்ட எந்தச் சவ்வும் தேவைப்பட்டிருக்காது.
லாரிச் சீட்டுகளை மேசையில் வைத்தேன்.
அவர் அவற்றை அடுக்கினார்,
விளிம்பெல்லாம் ஒத்து வரும்படி,
வெகு நேரம்.

தெர்ஹி வேறொரு சவ்வு வரவழைத்திருக்கிறாள்.
மரநாரிலிருந்தே செய்தது.
சொந்தக்காரர்களிடம்
அவ்வளவு ஒட்டுதல் இருக்காது என்கிறாள்.
முதல் வாரம் தொண்ணூற்றேழு.
இரண்டாம் வாரம் தொண்ணூற்றைந்து.
நான் பதிவேட்டில் எண்களை மட்டும் எழுதுகிறேன்.

அன்று வீட்டுக்கு வந்து
கையை மூன்று முறை கழுவினேன்.
கட்டைவிரலில், கத்தி பட்ட இடத்தில்
பழுப்பாக ஒரு பொட்டு.
சோப்புக்கும் போகவில்லை, எண்ணெய்க்கும் போகவில்லை.
ரத்தம் நின்றிருந்தது.

சுரண்டாமல் விட்டுவிட்டேன்.